சக்கின் மேல் வைத்த கை

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பேனா பிடித்தால் கை ஒரு பக்கம், வரி ஒரு பக்கம் போகிறது. கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் முன்னால் வாய் திறந்து பேசினதில்லை. எழுதினால் முகம் தெரியாதே என்ற தைரியத்தில்தான் உட்கார்ந்தேன். மறதியும் கூடிவிட்டது. அடுப்பில் பால் வைத்தால் பொங்கித் தீ அணைந்த பிறகுதான் நினைவு வருகிறது. ஆனால் அந்த விஜயதசமிக் காலை மட்டும் மறக்கமாட்டேன் என்கிறது. இன்றைக்கும் மாவு மில் பக்கம் போனால், மோட்டார் சத்தம் கேட்டதும் நெஞ்சு ஒரு தரம் நின்றுதான் ஓடுகிறது.

என் வீட்டுக்காரரின் வலது கையைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

அவர் இராஜபாளையத்தில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டினார். நூல் மில்களுக்கு வேண்டிய உருளைகளையும் வளையங்களையும் கடைந்து கொடுக்கிற பட்டறை. நானும் அங்கேதான் வேலை பார்த்தேன். கடைந்து வருகிற சாமான்களின் பிசிறை அரம் போட்டு எடுத்து, மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து அடுக்குவேன். தரையில் சுருள் சுருளாகக் கிடக்கும் இரும்புச் சீவலைக் கூட்டி அள்ளுவேன். முதலாளி வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். எங்களிடம் தமிழில்தான் பேசுவார்; கோபமோ பயமோ வந்தால் மட்டும் வீட்டுப் பேச்சு வந்துவிடும்.

லேத்தில் இரும்பைக் கவ்விக்கொண்டு சுற்றுகிற தடித்த வட்டம் ஒன்று உண்டு. அதற்குச் சக்கு என்று பெயர். எங்கள் பழைய லேத்தில் பெல்ட் வழியாக அதற்கு ஓட்டம் வரும். ஒரு கம்பை இழுத்தால் பெல்ட் விலகிக்கொள்ளும். ஆனாலும் சக்கு உடனே நிற்காது. சுற்றின வேகத்திலேயே செத்த நேரம் சுற்றிக்கொண்டிருக்கும். அதுவரைக்கும் யார் காத்திருப்பது? இவர் இடது கையால் கம்பை இழுப்பார், அதே மூச்சில் வலது உள்ளங்கையைச் சக்கின் முதுகில் வைத்து அழுத்துவார். மிரளுகிற மாட்டைத் தட்டி நிறுத்துகிற மாதிரி இருக்கும். சக்கு அடங்கி நிற்கும். பட்டறையில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள், இவர் கொஞ்சம் அழகாகச் செய்வார். கண்கூட அங்கே பார்க்காது; கையே போகும்.

அதனால் அவர் உள்ளங்கை தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டிருந்தது. ஒரு தடவை ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் தேர் பார்க்கப் போயிருந்தோம். ரத வீதியில் கைரேகை பார்க்கிறவர் ஒருவர் இவர் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என்னய்யா, எழுதினதையெல்லாம் அழிச்சுப்புட்டு வந்திருக்கீரு?”

“சக்கு அழிச்சிருச்சு சாமி. இனிமே நாமளா எழுதிக்கிட வேண்டியதுதான்” என்றார் இவர். அதில் அவருக்கு ஒரே பெருமை. பஸ்ஸில் வரும்போது பக்கத்து சீட்டுக்காரரிடமும் கையை விரித்துக் காட்டிக்கொண்டு வந்தார்.

அந்தக் கைதான் எங்கள் வீட்டு அடுப்பு. அது இருக்கிறவரைக்கும் எரியும்.

தொண்ணூறுகளின் நடுவில் முதலாளி, கோயம்புத்தூர்ப் பக்கம் ஓடிக் கழித்த கம்ப்யூட்டர் வைத்த சி.என்.சி. லேத் ஒன்றை வாங்கி வந்தார். லாரியிலிருந்து சங்கிலி போட்டு இறக்கினார்கள். நாங்கள் எல்லோரும் சுற்றி நின்று பார்த்தோம். உருட்டுகிற சக்கரம் இல்லை. இழுக்கிற கம்பு இல்லை. டி.வி. பெட்டி மாதிரி ஒன்று, அதன் கீழே எண் போட்ட பொத்தான்கள், ஓரத்தில் நாய்க்குடை மாதிரி ஒரு சிவப்புப் பொத்தான், அவ்வளவுதான். இவர் மிஷினைச் சுற்றி வந்தார். மறுபடி சுற்றி வந்தார். பிறகு என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்:

“ஏட்டி, இதுல நான் எதப் பிடிக்க?”

முதலாளி சிரித்துக்கொண்டே, “நீ ஒண்ணும் பிடிக்கவேண்டாம்யா. எண்ணைத் தட்டினா அதுவா கடையும். நீதான் இதுக்கு ஆப்பரேட்டரு” என்றார். அன்று ராத்திரி இவருக்குச் சோறு இறங்கவில்லை. எண்ணைத் தட்டினால் அதுவாகக் கடையுமாம் என்று முகட்டைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே படுத்திருந்தார்.

ஆனால் அது அதுவாகக் கடையவில்லை. ஸ்பிண்டில் சுற்றவே இல்லை. சக்கைத் தாங்கிச் சுற்றுகிற தண்டுக்குத்தான் ஸ்பிண்டில் என்று பேர். நான் கல்யாணத்துக்கு முன்னால் நூல் மில்லில் இருந்தவள். அங்கே ஸ்பிண்டில் என்றால் விரல் தடிமன் இருக்கும், வரிசை வரிசையாக நிற்கும். இங்கே ஒன்றே ஒன்று. அதுவும் தொடை தடிமன். அதைச் சுற்ற வைக்கிற பழைய மின்சாரப் பெட்டி செத்துப்போயிருந்தது. புதுப் பெட்டி மாட்டி, ஒயரெல்லாம் புதிதாக இழுக்க வேண்டும் என்றார்கள். அந்த வேலைக்கு வந்தவன் என் தம்பி.

அவன் ஐ.டி.ஐ. படித்தவன். கோயம்புத்தூரில் சில வருஷம் இருந்து இந்த வேலையைக் கற்றுக்கொண்டு வந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் குடியிருந்தான். தினமும் காலை பஸ்ஸில் வருவான். இரும்பு பீரோ மாதிரி இருக்கும் பேனலைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஒயரின் நுனியிலும் எண் போட்ட சின்ன வளையம் கோத்து மாட்டுவான். சாப்பாட்டு நேரத்தில் நானும் வளையம் கோத்துக் கொடுப்பேன். எண் படிக்கத் தெரியுமே எனக்கு.

“மோட்டாருக்குக் கரண்டு கொடுக்கிற பெட்டிக்கு டிரைவ்னு பேரு அக்கா” என்று சொல்லிக்கொண்டே வேலை செய்வான். “அந்த டி.வி. பெட்டியிலேர்ந்து டிரைவுக்கு இந்த மெல்லிசு ஒயரு போகுது. இதுல கொஞ்சமா கரண்டு வந்தா மெதுவா சுத்துன்னு அர்த்தம். கூட வந்தா வேகமா சுத்து. ஒண்ணும் வரலன்னா நில்லு.”

“இம்புட்டுதானா?”

“இம்புட்டுதான். ஆனா இத நம்பிக் கைய வைக்க முடியாது.”

முதலில் மோட்டாரைச் சேர்க்காமல் மீட்டரை வைத்துப் பார்த்தான். பிறகு பெல்ட் மாட்டாமல் மோட்டாரை மட்டும் ஓட்டினான். அது எதிர்ப் பக்கம் சுற்றியது. இரண்டு ஒயரை இடம் மாற்றினான். பெல்ட் மாட்டியதும் சக்கின் மேல் சாக்பீஸால் ஒரு கோடு கிழித்தான். கோடு எத்தனை தரம் மேலே வருகிறது என்று கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணி, டி.வி. பெட்டி சொல்லும் வேகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தான்.

ஒரு நாள் யாரும் பொத்தானைத் தொடவில்லை. நான் தரை கூட்டிக்கொண்டிருந்தேன். சாக்பீஸ் கோடு மெல்ல மெல்ல நகர்ந்தது. நில் என்று சொல்லியிருந்த சக்கு, தூக்கத்தில் புரளுகிற ஆள் மாதிரி தானாகத் திரும்பியது. விளக்குமாற்றைப் போட்டுவிட்டு வெளியே ஓடிவந்துவிட்டேன். பட்டறை முழுக்கப் பேச்சாகிவிட்டது. மிஷினோடு கோயம்புத்தூரிலிருந்து எதுவோ ஏறி வந்துவிட்டது என்றார் ஒருவர். தம்பி சிரித்தான்.

“தடிச்ச ஒயரு பக்கத்துல படுத்தா மெல்லிசு ஒயருக்குத் தூக்கம் வராதுக்கா. அதோட கரண்டு இதுலயும் லேசா ஏறுது.”

மெல்லிய ஒயரைப் பிரித்து, வெள்ளி நூல் பின்னல் சுற்றின வேறு ஒயர் போட்டு, தனி வழியாகக் கொண்டுபோனான். சக்கு அடங்கிவிட்டது. ஆனாலும் எங்கள் வீட்டுக்காரருக்கும் முதலாளிக்கும் அவன் ஒயரிங்கின் மேல் ஒரு சந்தேகம் அன்றைக்கு விழுந்தது விழுந்ததுதான்.

தம்பி பெரிதாக நினைத்தது அந்தச் சிவப்புப் பொத்தானைத்தான். அதை அமுக்கினால், பேனலுக்குள் டிரைவுக்குக் கரண்டு விடுகிற ரிலே டொப்பென்று விழுந்துவிடும். சக்குக்கு ஓட்டம் அறுந்துபோகும். ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் அமுக்கிப் பார்ப்பான். வேலை முடிந்து போகும்போது அதை அமுக்கி வைத்துவிட்டுத்தான் போவான். அதோடு விடமாட்டான். சோதனை நடக்கிற நேரம் முழுக்கச் சுவரோரம் இருக்கும் மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் என்னை நிறுத்திவைப்பான்.

“நீ சும்மா நிக்கவேண்டியதுதாங்கா. நான் கத்தினா கைப்பிடியக் கீழ இழு.”

எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. யாரிடமும் பேச வேண்டாம் அல்லவா.

அந்த நாட்களில் ஒரு தடவை இவர் நின்றுகொண்டிருந்த சக்கின் மேல் பழக்கத்தில் கையை வைத்தார். மிஷினின் முன்கதவு லாரியில் நெளிந்து, தட்டி நிமிர்த்துவதற்காகக் கழற்றி வைத்திருந்தது. அதனால் சக்கு கைக்கெட்டுகிற இடத்தில் திறந்து கிடந்தது. தம்பி பாய்ந்து வந்தான்.

“அத்தான், கைய எடுங்க! பழைய லேத்துல பெல்ட்டு வெலகிரும். இங்க மோட்டாரு பிடிச்ச பிடி விடாது.”

“நின்னுக்கிட்டு இருக்கிறதத்தானலே தொட்டேன்.”

“நிக்குதுன்னு யாரு சொன்னா?”

“நீதான சொன்ன மாப்ள, செவப்ப அமுக்குனா நின்னுரும்னு! உன் வேலைல உனக்கே நம்பிக்கை இல்லயோ?”

பட்டறையே சிரித்தது. தம்பியும் சிரித்துவிட்டான். அப்போது அவன் சிரித்திருக்கக்கூடாது.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் பட்டறையில் அன்றைக்கு எந்த மிஷினும் ஓடாது. கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டுவிடுவோம். மறுநாள் விஜயதசமியன்று மறுபூஜை செய்து, ஆரத்தி எடுத்த பிறகுதான் மாலையையும் தோரணத்தையும் அவிழ்க்க வேண்டும். அதுவரைக்கும் ஒரு பூவைக்கூடக் கிள்ளக்கூடாது என்பது முதலாளி வீட்டு வழக்கம். அந்த வருஷம் புது மிஷின் இருந்ததால் விசேஷம் கொஞ்சம் பெரிது. கோயிலில் இருந்து மாலை வந்தது. ஆம்பிளைகள் எல்லோருக்கும் முதலாளி புதுச் சட்டை எடுத்துக் கொடுத்தார். கல்யாணம், கோயில் கொடை என்று சீரியல் விளக்குப் போடுகிறவர் ஒருவரையும் வரச் சொல்லியிருந்தார்.

தம்பி அன்றைக்கு வரவில்லை. அவன் வீட்டிலும் பூஜை. பேனலுக்கு உள்ளேயும் பொட்டு வைக்க வேண்டும் என்று முதலாளி சாவி போட்டுத் திறந்து வைத்திருந்தார். நான்தான் கதவின் உட்பக்கத்தில் சந்தனம் வைத்தேன். சீரியல் விளக்குக்காரர் மிஷினைச் சுற்றிப் பச்சையும் சிவப்புமாகப் பல்புகளை ஓடவிட்டார். சாயங்காலம் விளக்கு எரிந்தது. கொஞ்சம் மங்கல்தான், ஆனாலும் மாவிலைக்கு நடுவில் பார்க்க லட்சணமாக இருந்தது. பேனலை மூடி, அதன் கைப்பிடியில் மாலையைச் சுற்றிக் கட்டினார்கள்.

மறுநாள் காலை தம்பி வந்தான். மறுபூஜையோடு சேர்த்து ஸ்பிண்டிலை ஓட்டிக் காட்ட வேண்டும் என்று முதலாளி ஆசைப்பட்டார். தம்பி பேனல் பக்கம் போனான். கைப்பிடியில் மாலையைப் பார்த்தான். அவிழ்க்காமல் திறக்க முடியாது. அவிழ்த்தால் வழக்கம் தவறும். நேற்று முன்தினம் வரைக்கும் எல்லாம் சரியாகத்தானே இருந்தது என்று திரும்பி வந்துவிட்டான். முந்தின தரம் அமுக்கி வைத்துவிட்டுப் போன சிவப்புப் பொத்தானைத் திருகி வெளியே எழும்ப விட்டான். அதே நேரம் சீரியல் விளக்கு அணைந்தது.

“லைட்டு போச்சேய்யா” என்றார் முதலாளி.

“சீரியல்தான மொதலாளி, ஊதினாலே போயிரும்” என்றார் இவர். எல்லோரும் சிரித்தார்கள். காலை வெளிச்சத்தில் விளக்கு யாருக்கு வேண்டும்?

அன்றைக்கு நான் மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் இல்லை. என் கையில் ஆரத்தித் தட்டைக் கொடுத்து முன்னால் நிறுத்திவிட்டார்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த சிவப்புத் தண்ணீர் விளிம்பு வரைக்கும் நிறைந்திருந்தது. எத்தனை கண்கள் என்னைப் பார்க்கின்றன என்ற கூச்சத்தில் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

தம்பி மெதுவான வேகம் வைத்து ஓட விட்டான். ஸ்பிண்டில் உம்மென்று கிளம்பியது. எண்ணெய் மினுங்கச் சக்கு சுற்றியது. தேங்காய் உடைத்தார்கள். கைதட்டினார்கள். முதலாளியின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

“ஆப்பரேட்டர் வரட்டும்யா” என்றார்.

“வாங்க அத்தான். செவப்புப் பொத்தான நீங்களே அமுக்குங்க. நிக்குதா இல்லயான்னு பாத்துக்கிடுங்க” என்றான் தம்பி. குரலில் கொஞ்சம் கேலியும் இருந்தது.

இவர் புதுச் சட்டையில் போய் நின்றார். லேத்தில் எப்போதும் பனியனோடுதான் நிற்பார். அன்றைக்கு மணிக்கட்டு வரைக்கும் கை வைத்த சட்டை, பொத்தான்கூடப் போட்டிருந்தார். இடது கையால் சிவப்புப் பொத்தானை ஓங்கி அமுக்கினார்.

சீரியல் விளக்கு பளிச்சென்று இல்லாமல் மங்கலாக எரிந்தது. நல்ல சகுனம் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

அதே மூச்சில் அவருடைய வலது உள்ளங்கை சக்கின் மேல் போய் உட்கார்ந்தது.

சக்கு அடங்கவில்லை. உம் என்ற சத்தம் குறையவே இல்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். பயம் இல்லை அந்த முகத்தில், ஆச்சரியம்தான் இருந்தது. இத்தனை வருஷம் சொன்ன பேச்சைக் கேட்ட இரும்பு கேட்கவில்லையே என்கிற மாதிரி. சக்கில் இரும்பைக் கவ்வ நீட்டிக்கொண்டிருக்கும் தாடை ஒன்று சட்டைக் கையைப் பிடித்தது. பிடித்துச் சுருட்டியது. அவர் உடம்பு முன்னால் சாய்ந்தது.

“ஆபுரா! ஆபுரா!” என்று முதலாளி தெலுங்கில் கத்தினார். நிறுத்து என்று அர்த்தம். யாருக்குப் புரிந்தது, யாருக்குப் புரியவில்லை, ஒருவரும் நகரவில்லை. தம்பி சிவப்புப் பொத்தானைக் குத்து குத்தென்று குத்தினான். அது உள்ளேயேதான் இருந்தது. அதை இன்னும் எங்கே அமுக்குவது?

“அக்கா! மெயின்!”

நான் எப்படிப் போனேன் என்று எனக்குத் தெரியாது. தட்டு கையிலிருந்து எப்போது விழுந்தது என்றும் தெரியாது. மெயின் சுவிட்சின் கைப்பிடி முழுக்கச் சந்தனமும் பூச்சரமும். முதல் இழுப்பில் கை வழுக்கிவிட்டது. பூவோடு சேர்த்துப் பிடித்துத் தொங்கினேன். கீழே வந்தது.

சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தால் தரையெல்லாம் சிவப்பு. அவருடைய கை போய்விட்டது என்று நினைத்தேன். அப்படியே உட்கார்ந்துவிட்டேன். யாரோ ஒருத்தர், “ஆரத்தித் தண்ணி! ஆரத்தித் தண்ணிதான்!” என்று சொன்னார். அவர் சொன்னது காதில் விழுந்தது, மனதுக்குள் போகவில்லை.

சட்டைக் கை தோளோடு கிழிந்து சக்கில் சுற்றிக் கிடந்தது. புதுத் துணி, தையல் விட்டுக்கொடுத்துவிட்டது. வேகமும் மெதுவான வேகம். அதனால்தான் கை மிஞ்சியது. உள்ளங்கைத் தோல் உரிந்து, மணிக்கட்டு வீங்கி, சுண்டுவிரல் ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. தம்பி பக்கத்தில் வந்து பிடிக்கப் போனான். இவர் தோளால் அவனைத் தள்ளினார்.

“தொடாத. போலே அந்தப் பக்கம்.”

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் என்னிடம் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: “உன் தம்பி என் கைய வாங்கப் பாத்தான்.” ஒரு பக்கம் புருஷன், ஒரு பக்கம் கூடப் பிறந்தவன். அமுக்கினால் நிற்கும் என்று அவன் சொன்னதை நானும்தானே கேட்டேன். அமுக்கினதையும் பார்த்தேன். நிற்காததையும் பார்த்தேன்.

டாக்டர் எலும்பு முறியவில்லை, விரல் மூட்டு மட்டும் விலகியிருக்கிறது, கை பிழைக்கும் என்றார். ஆனால் எவ்வளவு மடங்கும், எவ்வளவு பிடிக்கும் என்பதை ஆறின பிறகுதான் சொல்ல முடியும் என்றார். பேண்டேஜ் துணியைச் சுற்றும்போது இவர் அந்த நிலையிலும், “இது நம்ம ஊரு துணி தானம்மா?” என்று நர்ஸம்மாவிடம் கேட்டார். எங்கள் ஊர்ப் பக்கத்துத் தறிகளில்தான் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள்; அந்தம்மா ஆமாம் என்று சிரித்தார். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

மத்தியானம் மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தவள், வழியில் பட்டறைக்குள் எட்டிப் பார்த்தேன். தம்பி தரையில் உட்கார்ந்திருந்தான். சாப்பிட்ட முகமாக இல்லை. முதலாளி நாற்காலியில் இருந்தார். பேனல் கைப்பிடியில் மாலை அப்படியே இருந்தது.

“உன் ஒயரிங்தான்யா. அன்னைக்கே அது தானாத் திரும்புச்சு. நான் அப்பவே யோசிச்சிருக்கணும்” என்றார் முதலாளி.

“இருக்கட்டும் மொதலாளி. எங்கன்னு பாத்துருதேன். பொறவு என்னைப் போகச் சொல்லுங்க.”

“மறுபூஜை இன்னும் முடியலயே…”

“அந்தப் பாவம் என்னோட” என்று சொல்லிவிட்டு எழுந்து மாலையை அவிழ்த்தான். ஆனால் உடனே திறக்கவில்லை; காலையில் நடந்ததை முதலில் மறுபடி நடத்திப் பார்க்க நினைத்தான் போலிருக்கிறது. சக்கிலிருந்து சட்டைத் துணியை வெட்டி எடுத்தான். மோட்டார் பெல்ட்டைக் கழற்றினான். மெயினைப் போடச் சொன்னான். சிவப்புப் பொத்தான் உள்ளே இருந்தது. சீரியல் விளக்கு எரிந்தது. வெளியே திருகினான், அணைந்தது. அமுக்கினான், எரிந்தது. திருகினான், அணைந்தது.

அவன் கை நின்றுவிட்டது. விளக்கையே பார்த்தான். எனக்கும் காலையில் பார்த்தது ஞாபகம் வந்தது. மெயினை இறக்கிவிட்டுப் பேனலைத் திறந்தான். நான் வைத்த சந்தனப் பொட்டுக்குக் கீழே, எண் வளையம் இல்லாத இரண்டு ஒயர்கள் இரண்டு ஸ்க்ரூவில் சுற்றியிருந்தன. மெல்லிய பச்சை ஒயர். சீரியல் செட் ஒயர்.

விளக்குக்காரரைக் கூப்பிட்டு வந்தார்கள். நடு வயசுக்காரர், நல்ல மனுஷர். அவருக்கு என்ன நடந்தது என்றே புரியவில்லை.

“பிளக்குல மைக் செட்டு மாட்டியிருந்துச்சு மொதலாளி. என் ஒயரும் அங்கன வரைக்கும் எட்டல. பெட்டி தொறந்துதான கெடந்துச்சு. டெஸ்டர வச்சுப் பாத்துத்தான் மாட்டுனேன். ஒரு ஸ்க்ரூவுல எரிஞ்சது, அடுத்ததுல எரியல. ஒண்ணு கரண்டு வாரது, ஒண்ணு போறது. பல்பு எரிஞ்சுச்சா இல்லயா? எரியலன்னா கேளுங்க!”

“எரிஞ்சுச்சுண்ணே. நல்லா எரிஞ்சுச்சு” என்றான் தம்பி.

பிறகு எங்களுக்கு விளக்கிச் சொன்னான். விளக்குக்காரர் மாட்டியது சிவப்புப் பொத்தானின் இரண்டு பக்கத்து ஸ்க்ரூக்களில். பொத்தானை அமுக்கினால் ரிலேவுக்குக் கரண்டு போகிற வழி அடைபட வேண்டும். அடைபட்ட வழிக்குப் பக்கத்தில், பல்புகள் வழியாக ஒரு சந்து திறந்து கிடந்தது. அந்தச் சந்தில் வருகிற கொஞ்சக் கரண்டால் விழுந்து கிடக்கிற ரிலேயை இழுத்துத் தூக்க முடியாது. ஆனால் ஏற்கெனவே இழுத்துப் பிடித்திருக்கிறதை விழாமல் வைத்துக்கொள்ள அது போதும். அதனால் பொத்தானை அமுக்கியும் ஸ்பிண்டில் ஓடியது. பொத்தான் வெளியே இருக்கும்போது கரண்டு நேர் வழியில் போய்விடும், பல்பு பக்கம் வராது, விளக்கு அணைந்துவிடும்.

முதலாளி நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். “சீரியல் பல்பா?” என்று கேட்டார். மறுபடியும் கேட்டார், “சீரியல் பல்பா?”

விளக்குக்காரர் துண்டை வாயில் பொத்திக்கொண்டு அழுதார். தம்பி அவர் தோளில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். மாலைக்காகத் திறக்காமல் விட்டதைத்தான் அவன் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போய் இவரிடம் சொன்னேன். நான் சொல்லத் தெரியாமல் சொன்னதை அவர் கண்ணை மூடிக் கேட்டார். கட்டுப் போட்ட கையைத் தலையணையில் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

“அப்ப மாப்ள போட்ட ஒயரு சரிதானா?”

“சரிதானாம்.”

“அவன் வெளியிலயா நிக்கான்?”

என் பின்னாலேயே வந்து வெளியில்தான் நின்றான். உள்ளே வரச் சொன்னேன். வந்து கட்டில் ஓரத்தில் நின்றான்.

“சாப்பிட்டியாலே?” என்றார் இவர்.

இல்லை என்று தலையாட்டினான். தனக்கு வைத்திருந்த இட்லிப் பொட்டலத்தை இடது கையால் அவன் பக்கம் தள்ளினார்.

கை ஆற ரொம்ப நாள் ஆனது. சுண்டுவிரல் மட்டும் கடைசி வரைக்கும் மடங்கவில்லை. மற்ற விரல்கள் பிடித்தன. உள்ளங்கையில் புதுத் தோல் வந்தது. ஒரு நாள் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, “ஏட்டி, ரேகை மாதிரி என்னமோ ஓடுது பாரு” என்றார்.

தம்பி மிஷினை மறுபடி முதலிலிருந்து சோதித்தான். நிமிர்த்தின கதவை மாட்டினான். கதவு திறந்திருந்தால் ஸ்பிண்டில் ஓடக்கூடாது என்று அதற்கும் ஒரு ஒயர் இழுத்தான். பேனல் சாவி இனி அவனிடம் அல்லது இவரிடம்தான் இருக்கும் என்று முதலாளி சொன்னார். நான் மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றேன். இந்தத் தடவை கையைக் கைப்பிடியிலேயே வைத்திருந்தேன்.

சிவப்புப் பொத்தானை அமுக்க இவர் முதலில் வரமாட்டேன் என்றார். பிறகு வந்தார். இடது கையால் அமுக்கினார். பேனலுக்குள் ரிலே டொப்பென்று விழுந்தது. சக்கின் வேகம் மெல்ல மெல்லக் குறைந்தது, ஆனால் அது இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

அப்போது அவருடைய வலது கை எழுந்தது.

யாரும் எழுப்பவில்லை, அவரும் எழுப்பவில்லை. கட்டு அவிழ்த்துச் சில நாளே ஆன கை, சுண்டுவிரல் நீட்டிக்கொண்டு, சக்கை நோக்கித் தானாகப் போனது. போய்க் கதவின் கண்ணாடியில் முட்டி நின்றது. தம்பி பார்த்தான். நான் பார்த்தேன். அவரும் அதை வேறு யாருடைய கையையோ பார்க்கிற மாதிரி பார்த்தார். ஒயரில் இருந்த தப்பைத் தம்பி பிடுங்கிப் போட்டுவிட்டான். இதை யார் எங்கே பிடுங்குவது?

இவர் வலது கையை மெதுவாக இறக்கி, முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் இடுப்பு பெல்ட்டில் செருகிக்கொண்டார். அந்த மிஷினில் இருந்த வருஷமெல்லாம் நிறுத்துகிற நேரத்தில் அப்படித்தான் நிற்பார். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் அது ஏதோ மரியாதை என்று நினைத்து அவரைப் போலவே நின்றார்கள். கண்ணாடிக் கதவு இருந்தும் யாரும் அதை மாற்றவில்லை.

இந்தக் கரண்டு விஷயம் எல்லாம் தம்பி சொன்னதைக் கேட்டு எழுதினது. எந்த ஸ்க்ரூ, எந்த வழி என்று நான் மாற்றி எழுதியிருக்கலாம். பொத்தான் உள்ளே இருந்தால் விளக்கு எரிந்ததா, வெளியே இருந்தால் எரிந்ததா என்று இதை எழுதும்போதே இரண்டு தடவை அடித்துத் திருத்தினேன். ஒயரிங் தெரிந்தவர்கள் யாராவது பொறுமையாகப் படித்து, தப்பு இருந்தால் திருத்திக் கொடுங்கள். பல்பு எப்போது எரிந்தது என்பதை மட்டுமாவது சரிபார்த்துச் சொன்னால் போதும்.